ஐபோனில் கீபோர்டு வந்தால் ஆர்டர் பட்டன் மறைகிறது, வழி சொல்லுங்கள்

குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கும் கடை ஒன்றுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறேன் (நான் இருப்பது கம்பம்). 'ஆர்டர் அனுப்பு' பட்டனுக்கு பொசிஷன் ஃபிக்ஸட் (பக்கம் நகர்ந்தாலும் பட்டன் நகராத அமைப்பு) கொடுத்து திரையின் அடியில் நிறுத்தியிருக்கிறேன். ஆண்ட்ராய்டில் ஒரு குறையும் இல்லை. ஐபோன் 11, ஐஓஎஸ் 17, சஃபாரியில்தான் சிக்கல். எத்தனை கிலோ என்று போட கட்டத்தைத் தொட்டதும் எண் கீபோர்டு ஏறி வந்து பட்டனை மூடிவிடுகிறது. அந்தக் கீபோர்டில் என்டரும் கிடையாது. போன வாரம் லைவ் ஆனதிலிருந்து கடைக்காரச் சேட்டன் "பட்டன் எவிடெ?" என்று போன் மேல் போன்.

முதலில் பக்கத்தின் உயரத்தை 100விஎச்-இலிருந்து (திரையின் முழு உயரம்) 100டிவிஎச் (அந்தந்த நேரம் தெரியும் உயரம்) ஆக்கினேன். அது அட்ரஸ் பார் சுருங்கி விரிவதை மட்டும்தான் பார்க்கும், கீபோர்டைக் கணக்கில் எடுக்காது. சரி என்று வியூபோர்ட் மெட்டாவில் (பக்கம் திரையில் எப்படிப் பொருந்த வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி) இன்டராக்டிவ் விட்ஜெட்டை ரீசைஸஸ் கன்டென்ட் (கீபோர்டு வந்தால் பக்கத்தைச் சுருக்கு) என்று வைத்தேன். ஆண்ட்ராய்டு குரோம் 108 முதல் அதைக் கேட்கிறது, சஃபாரி கண்டுகொள்ளவில்லை. ஐபோனிலேயே குரோம் போட்டாலும் அதே கதை, உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்தானே. அப்புறம் விஷுவல் வியூபோர்ட்டின் (பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதி) ரீசைஸ், ஸ்க்ரோல் ஈவென்ட்களைப் பிடித்து, பட்டனை டிரான்ஸ்ஃபார்மால் தூக்கினேன். மேலே வந்துவிட்டது, ஆனால் பக்கத்தைத் தள்ளும்போது கூடவே வராமல், விரலை எடுத்த பிறகு தவளை மாதிரி ஒரு தாவு தாவி இடத்துக்கு வருகிறது. பார்க்கவே சகிக்கவில்லை.

கீபோர்டு திறந்திருக்கும்போது ஸ்க்ரோல் செய்தாலும் பட்டன் குதிக்காமல் நிற்க, ஐபோன் சஃபாரியில் யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?