பெயின்டர் வீட்டில் பெயின்டரே இல்லை

பள்ளத்தாக்கு மருமகள்:

வர்ஜீனியாவில் ஷெனன்டோவா பள்ளத்தாக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கணவர் வீட்டுக் குடும்பப் பெயர் பெயின்டர். மாமியார் வீட்டுக் கூடத்தில் கணப்புக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பழைய பிரஷ் மாட்டியிருக்கும். "எங்கள் முதல் தாத்தாவுடையது. இங்கிலாந்திலிருந்து வந்து ஊரெல்லாம் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவர். அதனால்தான் இந்தப் பெயர்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மாமனார் தவறியபோது லூத்தரன் சர்ச் மயானத்தில் இடம் பார்க்கப் போனோம். குடும்ப வரிசையின் கோடியில் ஒரு கல், பாதி மண்ணுக்குள். அதில் இருந்தது ஆங்கிலம் இல்லை. "ஹியர் ரூஹெட்" என்று தொடங்கியது. இங்கே இளைப்பாறுகிறார் என்று ஜெர்மனில் அர்த்தம். இங்கிலாந்துக்காரருக்கு எதற்கு ஜெர்மன் கல்? மாமியாரைக் கேட்டால், "கல் செதுக்கினவன் ஜெர்மன்காரனாக இருந்திருப்பான்" என்று முடித்துவிட்டார்.

எனக்கு அங்கேதான் பிடித்தது பைத்தியம்.

இந்தப் பள்ளத்தாக்கின் கதை தெரிந்தவர்களுக்கு அந்தக் கல் ஆச்சரியமில்லை. பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மன்காரர்கள் பென்சில்வேனியாவில் நிலம் விலை ஏற ஏற, 1730-களிலிருந்து மாட்டு வண்டி, குதிரை வண்டி கட்டிக்கொண்டு மேரிலாந்து வழியாக இங்கே இறங்கியிருக்கிறார்கள். ஆக, வர்ஜீனியாக்காரரைத் தேட நான் பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு வசதி உண்டு. பிரிட்டிஷ் குடிமக்கள் அல்லாதவர்கள் இப்படிக் கூட்டம் கூட்டமாக வருகிறார்களே என்று அரசாங்கம் பயந்துபோய், 1727-லிருந்து பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரும் ராஜாவுக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்தப் பயம் இன்றைக்கு நமக்குச் சொத்து. ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே என்ற இருவர் அந்தப் பட்டியல்களையெல்லாம் 1934-ல் மூன்று தொகுதிகளாக அச்சில் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு தொகுதி முழுக்க அசல் கையெழுத்துகளின் நகல்.

நூலகத்தில் உட்கார்ந்து "பெயின்டர்" தேடினேன். பொருத்தமாக ஒருவரும் இல்லை. சரி, பெயரை மொழிபெயர்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். ட்சிம்மர்மான் கார்ப்பென்டர் ஆனதும், ஷ்னைடர் டெய்லர் ஆனதும் எல்லோரும் சொல்லும் கதைதானே. பெயின்டருக்கு ஜெர்மனில் மாலர். இரண்டு மாதம் மாலர், மாஹ்லர், மெய்லர் என்று தேடி ஒரு குடும்பத்தையே பிடித்துவிட்டேன். அந்த மனிதர் வந்து சேர்வதற்கு முன்பே நம் தாத்தாவுக்கு இங்கே மூன்று பிள்ளைகள் பிறந்திருந்தார்கள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் மாலரைக் கைவிட்டேன்.

குறிப்பு எழுதுவதெல்லாம் எனக்குத் தமிழில்தான். நிலப் பத்திரம், வரிப் பட்டியல், சர்ச் பதிவு என்று எங்கெங்கே இந்தக் குடும்பம் வருகிறதோ, அந்தப் பெயரைக் காதில் விழுகிற மாதிரி நோட்டில் எழுதிவைப்பேன். ஒருநாள் ராத்திரி பக்கத்தைப் புரட்டுகிறேன், ஒன்றன்கீழ் ஒன்றாக: பெயின்டர், பேன்டர், பென்டர், பென்டர், பென்டர். கடைசி மூன்றும் ஆங்கிலத்தில் மூன்று வேறு பெயர்கள்! ஒன்றுக்கு முதலெழுத்து "பி" மெல்லிசு (B), ஒன்றுக்கு வல்லிசு (P), இன்னொன்றில் நடுவிலே "ட" வல்லிசு (T). என் நோட்டில் மூன்றும் ஒரே பெயர். நம் எழுத்தில் இரண்டு ப கிடையாதே!

தென்மேற்கு ஜெர்மனியில் பலட்டினேட் பக்கத்துக்காரர்களும் பேச்சில் அப்படித்தானாம். வல்லிசு மெல்லிசு வித்தியாசம் நாக்கில் பாதி கரைந்துவிடும். ப-வுக்கு இரண்டு, ட-வுக்கு இரண்டு, க-வுக்கு இரண்டு என்று காது வைத்திருக்கும் இங்கிலீஷ் குமாஸ்தா, அவர்கள் சொன்னதைத் தன் காதுக்கு ஏற்றபடி எழுதிவிடுவான். பென்டர் என்றால் அந்தப் பக்கத்து வழக்கில் பீப்பாய் கட்டுகிறவர். பெயின்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சந்தேகம் தீர்ந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சில கப்பல்களுக்கு மூன்று பட்டியல்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று கப்பல் கேப்டன் கொடுத்தது. மற்ற இரண்டும் சத்தியம் செய்தபோது போட்ட கையெழுத்துகள். எங்கள் கப்பலுக்கு மூன்றும் இருந்தன. கேப்டன் பட்டியலில் வல்லிசு "பேன்டர்". கையெழுத்துப் பட்டியலில் அவரே, தன் கையால், மெல்லிசு "பென்டர்". இரண்டும் ஒரே ஆள்தானா? முன்னால் இரண்டு பெயர், பின்னால் மூன்று பெயர் பார்த்தேன். அதே ஆட்கள், கிட்டத்தட்ட அதே வரிசை. ரேஷன் கடை மாதிரி, ஊர்க்காரர்கள் சேர்ந்தே நின்றிருக்கிறார்கள். அந்த முன்னால் பின்னால் ஆட்களில் ஒருவர்தான் பிற்பாடு இங்கே முதல் குழந்தைக்கு ஞானத் தந்தை.

அந்தக் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய ஜெர்மன் கையெழுத்தில் "ஈ" (e) என்ற எழுத்தும் "என்" (n) என்ற எழுத்தும் சின்னச் சின்னச் சாய்கோடுகள்தான். அதனால் பெயர் முழுக்க வேலி போட்ட மாதிரி இருக்கிறது. கடைசியில் மட்டும் பேனாவை அழுத்தி ஒரு சுழி. எழுதத் தெரியாதவர்களுக்குக் குமாஸ்தா பெயரை எழுதி நடுவில் ஒரு பெருக்கல் குறியோ, ஒற்றை எழுத்தோ போடவைப்பான். இவர் எழுதத் தெரிந்தவர்.

செங்கல் வீடு:

அக்கா, நானும் பென்சில்வேனியாவில் பெர்க்ஸ் கவுன்ட்டியில் இருபது வருஷம். எனக்கு இந்த ரத்தம் ஒரு சொட்டும் கிடையாது. வாங்கின வீடு பழசு. யார் கட்டினார்கள் என்று தேடப்போய் மாட்டிக்கொண்டவன்.

கல்லறைக் கல் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாக்பீஸ் தேய்க்காதீர்கள், ஷேவிங் கிரீம் பூசாதீர்கள். கல் பொரிந்துபோகும். நான் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு போவேன். கல்லின் பக்கவாட்டிலிருந்து வெயிலைத் திருப்பி அடித்தால், வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் எழுத்து எழுந்து நிற்கும். முதல்முறை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் வீட்டைக் கட்டினவரின் கல்லில் பிறந்த தேதி இல்லை. இறந்த தேதி, அப்புறம் வயது: அறுபத்து மூன்று வருஷம், நாலு மாதம், இரண்டு நாள். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பிறந்த நாள். பதிவேட்டோடு பார்த்தால் பதினோரு நாள் உதைத்தது. கணக்கில் தப்பு என்று மூன்று தரம் போட்டேன். தப்பு என்னிடம் இல்லை. பிரிட்டிஷ் ராஜ்யத்தில் 1752-ல் தான் புதிய நாட்காட்டிக்கு மாறினார்கள். செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ஜெர்மன் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700-லேயே மாறிவிட்டன. புது நாட்காட்டியிலிருந்து கிளம்பிப் பழைய நாட்காட்டிக்கு வந்து இறங்கிய ஜனம் இது! அதற்கு முன்பெல்லாம் இங்கே வருஷம் பிறப்பதும் மார்ச் 25-ல். 1740 பிப்ரவரி என்று பார்த்தால் எந்த 1740 என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்திருக்கிறீர்களா? டவுஃப்ஷைன் என்பார்கள். கிளி, டியூலிப், இதயம் எல்லாம் வர்ணத்தில் வரைந்து நடுவில் விவரம்: அப்பா, அம்மா, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த மணி, ஞானப்பெற்றோர். பலவற்றில் ராசிகூட இருக்கும். துலாத்தில் பிறந்தான், மீனத்தில் பிறந்தாள் என்று. எங்கள் பாட்டி பார்த்திருந்தால் ஜாதகம் என்றே முடிவு கட்டியிருப்பார். இதில் வயிற்றெரிச்சலான விஷயம், அமெரிக்கப் புரட்சிப் போர் வீரர்களின் விதவைகள் பென்ஷன் கேட்டபோது கல்யாணத்துக்கும் பிள்ளைகளுக்கும் அத்தாட்சி வேண்டியிருந்தது. பைபிளில் ஒட்டி வைத்திருந்ததைப் பிய்த்து வாஷிங்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் காணோம் என்று தேடுகிறவர்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் பென்ஷன் கோப்புகளில் பாருங்கள்.

சும்மா படிப்பவன்:

ஒரு கேள்வி. என் நண்பன் வீட்டில் இரண்டு கதை சொல்கிறார்கள். மூன்று அண்ணன் தம்பிகள் கப்பலில் வந்து ஆளுக்கொரு திசையில் போனார்கள் என்று ஒன்று. முதல் தாத்தா ஹெஸ்ஸியன் சிப்பாய், அதாவது பிரிட்டிஷ்காரர்கள் கூட்டிவந்த ஜெர்மன் சிப்பாய், வாஷிங்டனுக்கு எதிராகச் சண்டை போட்டு இங்கேயே தங்கிவிட்டார் என்று இன்னொன்று. எதை நம்ப?

செங்கல் வீடு:

இரண்டையும் தேநீரோடு கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் தரப்பில் சண்டை போட 1776-லிருந்து சுமார் 30,000 ஜெர்மன் சிப்பாய்கள் வந்தது உண்மை. ஆனால் 1776-க்கு முன்னால் ஏதாவது வரிப் பட்டியலில் அந்தத் தாத்தா பெயர் வந்தால் கதை அதோடு முடிந்தது. நான் பார்த்த நாலு "ஹெஸ்ஸியன்"களில் மூன்று பேர் அப்படி முடிந்தார்கள்.

இன்னொன்று. நண்பனின் தாத்தா பெயர் யோஹான் என்று தொடங்கினால் அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது பெயரைத் தேடச் சொல்லுங்கள். ஒரே வீட்டில் ஐந்து பையன்களுக்கும் முன்னால் யோஹான் இருக்கும். கூப்பிடுவது இரண்டாவது பெயரைத்தான். நம்மில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே இனிஷியல் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். யோஹானஸ் என்று முழுசாக இருந்தால் மட்டும் அது வேறு, அதுதான் அவன் பெயரே. இணையத்தில் இருக்கும் வம்ச மரங்களில் பாதி இந்த ஒரு இடத்தில் சறுக்கி, யாரோ ஒரு யோஹானைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கும்.

ஓலைப்பெட்டி:

நான் தேடிப் போனது ஜெர்மன்காரர்களை இல்லை, தமிழை. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் ஃப்ராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் தரங்கம்பாடிப் பாதிரிமார்களின் கடிதங்களும் நம் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. ஸீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரி 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து எழுதி எழுதி அனுப்பியவை. பக்கத்து மேஜையில் ஓர் அமெரிக்கப் பெரியவர் தினமும் வருவார், ஓஹையோக்காரர். அவருக்கும் அதே மாதிரி பெட்டி, அதே கட்டு நாடா. எதைப் பார்க்கிறீர்கள் என்றால், பென்சில்வேனியா என்கிறார். எனக்குப் புரியவே இல்லை.

விஷயம் என்னவென்றால், ஹாலேயிலிருந்து கிழக்கே தமிழ்நாட்டுக்குப் பாதிரி அனுப்பிய அதே நிறுவனம் மேற்கே அங்கேயும் அனுப்பியிருக்கிறது. 1742-ல் போன மியூலன்பெர்க் முக்கியமானவர். அவர் நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் யார் வீட்டுச் சாவு, யார் கல்யாணம், எந்தப் பெண் கப்பல் கட்டணத்துக்காக எத்தனை வருஷம் வேலைக்குக் கட்டுப்பட்டாள் என்று வந்துகொண்டே இருக்கும். பெரியவரின் மூதாட்டி அப்படிக் கட்டுப்பட்டவர்களில் ஒருத்தி. கப்பல் பட்டியலில் பெண்களைக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை, அதனால் அங்கே அவள் இல்லை. சர்ச் பதிவேட்டில் தகப்பன் பெயரோடு "இன்" சேர்த்துக் கிடைத்திருக்கிறாள். மியூலர் மகள் மியூலரின். அந்த "இன்"-னை அவள் பெயரின் பகுதி என்று நினைத்து ஆறு வருஷம் தேடினாராம்.

ஒரு மத்தியானம் என் ஓலையைக் காட்டினேன். எழுத்தாணி கீறலைப் பார்த்துவிட்டு, "எங்கள் ஆள் எழுத்தைவிட இது சுத்தமாக இருக்கிறதே" என்றார். பொய்யில்லை.

பள்ளத்தாக்கு மருமகள்:

ஓலைப்பெட்டி சார், அந்த "இன்" விஷயத்துக்கு நன்றி. எங்கள் பாட்டிக்கு அதை வெட்டிப் பார்த்ததில் கப்பல் பட்டியலில் முன்னால் நின்ற ஆளின் குடும்பப் பெயர் வருகிறது. ஆக மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்திருக்கிறார்களோ என்று ஒரு நப்பாசை. பலட்டினேட்டில் அந்த ஊர் எது என்று இன்னும் பிடிபடவில்லை. 1689-ல் பிரெஞ்சுப் படை எரித்த பகுதி. அதற்கு முந்தைய சர்ச் பதிவேடுகள் பல ஊர்களில் இல்லை. நம் ஆள் பிறந்தது அதற்கு அப்புறம் என்பது ஒரு ஆறுதல்.

எல்லோரும் கேட்கிறீர்கள், மாமியார் என்ன சொன்னார் என்று. போன ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து நகலைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். பீப்பாய், பென்டர், ப-வுக்கு இரண்டு எழுத்து, எல்லாம் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடைசிச் சுழியை விரலால் ஒருதடவை தடவினார். "அப்பாவும் இப்படித்தான் போடுவார்" என்றார். அவர் சொன்னது என் மாமனாரை.

கணப்புக்கு மேலே இடம் பண்ணலாமா என்று கேட்டேன். பிரஷைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார்.

"அது இருக்கட்டும். பீப்பாய்க்கும் பெயின்ட் அடிக்க வேண்டாமா?"