லாடம் இல்லாத குதிரைக்குக் குளம்பு சீவ எத்தனை வாரம்? அவரவர் பட்டதைச் சொல்லுங்கள்

சாம்பல்வால்:
என் பெண் குதிரைக்கு லாடம் கழற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. லாடம் இல்லையென்றால் தானாகத் தேய்ந்துவிடும், 6 வாரத்துக்கு ஒரு முறை ஆளை அழைப்பது வீண் செலவு என்று மெத்தனமாக இருந்தேன். வேலை, உடம்பு, அது இது என்று 11 வாரம் ஓடிவிட்டது. மேடு பள்ளமே இல்லாத மணல் திடலில், நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறிய நொடியில் முன்னங்கால் நுனி தட்டி, இரண்டு முழங்காலும் மண்ணில் பட விழுந்தாள். நான் கழுத்தைக் கட்டிக்கொண்டதால் தப்பித்தேன்.

மறுநாள் குளம்பு சீவ வந்தவர் காலைத் தூக்கித் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, "எத்தனை வாரம் ஆகிறது?" என்றார். "ஏழு" என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர் பேசவில்லை. குறட்டை வைத்து விளிம்பைச் சுற்றி நறுக்கினார். பிறை போல ஒரு துண்டு விழுந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த காலுக்குப் போய்விட்டார். நுனிப் பக்கம் 2 சென்டிமீட்டர் இருக்கும். மாதத்துக்கு 8, 9 மில்லிமீட்டர் வளர்கிற குளம்பில் 7 வாரத்துக்கு அவ்வளவு வராது என்பது அவருக்கா தெரியாது?

அரம் பிடித்தவன்:
எனக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். அரம் ஒன்று வாங்கினேன், சீவக் கற்றுக்கொண்டேன், பிறகு கை சும்மா இருக்கவில்லை. 3 வாரத்துக்கு ஒரு முறை. விளிம்போடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடிப்பகுதியையும் கத்தியால் சுரண்டிச் சுரண்டி வெள்ளையாக்கி வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகிறேன், மண் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டான். இழுத்தேன். முன்னங்காலைத் தூக்கினான், சரளைக்கு மேலே காற்றில் வைத்திருந்தான், திரும்ப மண்ணிலேயே வைத்தான். மூன்று முறை இப்படி. காலைத் தூக்கிப் பெருவிரலால் அழுத்தினேன். அடிப்பகுதி லேசாக உள்ளே போனது. அந்த உணர்வு விரலை விட்டு இன்னும் போகவில்லை. 3 வாரம் என்பது தவறில்லை, சீவிய அளவுதான் தவறு என்று புரியவே ஆறு மாதம் ஆனது.

மலைப்பாதை:
சாம்பல்வால் சொல்வதை ஏற்க முடியாது. விழுந்ததற்கு 11 வாரம் காரணமில்லை, மெத்தென்ற மணலிலேயே வைத்திருப்பதுதான் காரணம். என் இரண்டு குதிரைகளும் பாறைச் சரிவில் மேய்கின்றன. போன ஆண்டு 4 மாதம் யாரும் கை வைக்கவில்லை. பிறகு வந்தவர் ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, பையைத் திறக்காமலே, விளிம்பை மட்டும் கொஞ்சம் உருட்டிவிடலாமா என்று கேட்டார். அவ்வளவுதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க எழுத்தாளர் ஜெனோபோன், குளம்பு இறுகுவதற்காக லாயத்து முற்றத்தில் உருண்டைக் கற்களைக் கொட்டச் சொன்னவர். காட்டுக் குதிரைக்கு யார் சீவுகிறார்கள்?

பழைய லாயம்:
மலைப்பாதை நண்பரே, காட்டுக் குதிரையை இதில் இழுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் அவற்றின் கழுத்தில் கருவி கட்டிப் பார்த்தபோது சராசரியாக நாளொன்றுக்கு 16 கிலோமீட்டர் நடந்திருந்தன. நம் குதிரை லாயத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடப்பது எவ்வளவு? அவ்வளவு நடந்த குளம்புகளிலும் கோளாறுகள் இருந்தன என்பதை யாரும் சொல்வதில்லை.

என் கதை சிறிது. ஒரு குட்டியின் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. வளர வளரச் சரியாகிவிடும் என்று 5 மாதம் காத்திருந்தேன். கணுக்கால் மூட்டை ஒட்டிய எலும்பு வளர்ச்சி 3 மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பார்க்க வந்த மருத்துவர் குட்டியின் வயதைக் கேட்டார், சொன்னேன், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆகவே சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். குட்டிக்கு முதல் மாதத்திலேயே தொடங்கி 4 வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். அதற்குக் குளம்பு வேகமாக வளரும். வளர்ந்த குதிரைக்கு 4 முதல் 6 வாரம், குளிரில் வளர்ச்சி குறைந்தால் 8 வரை. குளம்பு அழற்சி வந்து தேறிய குதிரைக்கு 3, 4 வாரத்தைத் தாண்டவே வேண்டாம். நுனி நீள நீளக் குதிகால் முன்னால் சாய்ந்து நசுங்கும். காலின் பின்புறத் தசைநாண்தான் அந்தச் சுமையைத் தாங்கும். நாள்காட்டியை விடக் குளம்பைப் பாருங்கள். மயிர் முடியும் இடத்திலிருந்து தரை வரை குளம்பின் வெளிச்சுவர் ஒரே நேராக இறங்குகிறதா, கீழே வந்து பாவாடை போல விரிகிறதா? விரியத் தொடங்கிவிட்டால் நீங்கள் ஏற்கெனவே தாமதம். சுவருக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே ஓடும் வெள்ளைக் கோடு அகன்றால், உள்ளே மண்ணும் கிருமியும் புகுந்துவிடும். நடுவில் முக்கோண மெத்தை போல இருக்கும் பகுதியை முகர்ந்து பாருங்கள். அழுகல் நாற்றம் அடித்தால் சீவுகிறவரோடு ஈரத்தையும் கவனிக்க வேண்டும். அரம் உங்களிடம் இருந்தால் வாரம் ஒரு முறை விளிம்பை மட்டும் உருட்டுங்கள். அடிப்பகுதியைத் தொடாதீர்கள். அரம் பிடித்தவனுக்கு இது தெரிந்திருக்கும்.

மலைப்பாதை:
பாறைச் சரிவு பற்றி நான் சொன்னதற்கு இது பதிலே இல்லை.

சாம்பல்வால்:
சண்டை வேண்டாம். இப்போது 5 வாரத்துக்கு ஒரு முறை அழைக்கிறேன். அன்று நுனியில் ஒரு விரிசலும் இருந்தது, எழுத விட்டுப்போயிற்று. அதன் உச்சி மயிர் ஓரத்திலிருந்து 3 விரல் கீழே இருந்தது. இன்று காலை அளந்தேன், 4 விரல். அவர் வரும்போதெல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறார். வாரத்தை மட்டும் கேட்பதில்லை.