தொலைவில் உள்ள டேப் டிரைவை நெட்வொர்க் வழியே ஓட்டிய மூன்று பேரின் அனுபவங்கள்

எங்களிடம் இருப்பது எல்டிஓ-4 என்ற வகை டேப் கார்ட்ரிட்ஜில் எழுதும் டிரைவ். அது மாட்டியிருக்கும் சர்வர் ஒரு கட்டடத்தில், பேக்கப் எடுக்க வேண்டிய மெஷின்கள் இன்னொரு கட்டடத்தில். கோப்புகளை ஒன்றாகக் கட்டி டேப்பில் எழுதும் குனூ டார் கட்டளையில் டேப்பின் பெயருக்கு முன்னால் சர்வர் பெயரையும் ஒரு முக்காற்புள்ளியையும் போட்டால், மறுமுனையில் ஆர்எம்டி என்ற சின்ன நிரல் எழுந்து டிரைவைத் திறந்துகொள்ளும். 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பின் காலத்து ஏற்பாடு இது. அன்று ஆர்எஸ்எச் என்ற பழைய தொலை இணைப்பு வழியே போனது, இன்று குறியாக்கம் உள்ள எஸ்எஸ்எச் வழியே போகிறது.

பேக்கப் முடிந்தது, ஆனால் டிரைவ் நிம்மதியாக ஓடவில்லை. பக்கத்தில் நின்றவர் போனில் சொன்னார்: ஓடுகிறது, நிற்கிறது, பின்னால் போகிறது, மறுபடி ஓடுகிறது. நெட்வொர்க்கோ கிகாபிட். எஸ்எஸ்எச் குறியாக்கம்தான் இழுக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். காரணம் வேறு. ஆர்எம்டியில் ஒரு பிளாக், அதாவது ஒரே தடவையில் எழுதும் தரவுத் துண்டு, போய்ச் சேர்ந்து, ‘வாங்கிக்கொண்டேன்’ என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த பிளாக் கிளம்பும். டாரின் இயல்பான பிளாக் 10,240 பைட். போய்வர ஒரு மில்லிசெகண்ட் ஆனால் நொடிக்கு ஆயிரம் பிளாக், அதாவது சுமார் 10 எம்பி. எல்டிஓ-4 எதிர்பார்ப்பது நொடிக்கு 120 எம்பி! டிரைவ் தன் வேகத்தை ஓரளவு குறைத்துக்கொள்ளும், ஆனால் இவ்வளவு கீழே இறங்காது. தரவு வரத் தாமதமானால் டேப்பை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, திரும்ப வேகம் பிடிக்கும். டேப்புக்கும் அதில் எழுதும் ஹெட்டுக்கும் வீண் தேய்மானம்.

ஒரு பிளாக்கில் எத்தனை 512-பைட் துண்டுகள் என்பதை 20-இலிருந்து 512-க்கு மாற்றினோம். ஒரு பிளாக் 256 கேபி ஆனது, பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. அப்புறம் ஆர்எம்டியையே விட்டுவிட்டோம். டார் வெளியிடுவதை எஸ்எஸ்எச் பைப்பில் (ஒரு நிரல் தருவதை நேராக அடுத்ததுக்குக் கொடுக்கும் வழி) அனுப்பி, டிரைவ் இருக்கும் சர்வரில் எம்பஃபர் என்ற இடைத்தேக்க நிரலை வைத்துப் பிடிக்கிறோம். 4 ஜிபி பஃபர் 80 சதவீதம் நிறைந்த பிறகே டேப்பில் எழுதத் தொடங்கும்படி சொல்லியிருக்கிறோம். இப்போது டிரைவ் நீண்ட நேரம் ஒரே சீராக ஓடுகிறது. பைப்பில் ஒவ்வொரு பிளாக்குக்கும் பதில் வரக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் பெரிய ஆதாயம். ஒன்று: எழுதிய பிளாக் அளவைக் கார்ட்ரிட்ஜ் லேபிளில் குறித்து வையுங்கள். படிக்கும்போது அதைவிடச் சின்ன அளவு கொடுத்தால் டேப் படிக்காது.

———

எங்கள் பிரச்சினை வேகம் அல்ல. டிரைவைத் திறக்கும்போதே ‘உள்ளீடு/வெளியீடு பிழை’ வந்தது. டிரைவையும் கேபிளையும் சோதித்ததில் எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியில் பார்த்தால், டிரைவ் இருக்கும் சர்வரில் உள்நுழைந்ததும் ஒரு வரவேற்பு வரியை அச்சிடும்படி யாரோ ஷெல்லின் (கட்டளைகளை இயக்கும் நிரல்) அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தார்கள். ஆர்எம்டியின் பதில் ‘ஏ’, ‘ஈ’ அல்லது ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும். வேறு எது வந்தாலும் டார் பிழை என்று எடுத்துக்கொள்ளும். அந்த வரியை நீக்கியதும் சரியானது.

டாரால் இன்னொரு தொல்லையும் வரும். டார் உருவாக்கும் ஆவணக் கோப்பின் பெயரில் நேரத்தைக் குறிக்க முக்காற்புள்ளி வைத்தால், முன்பாதியை சர்வர் பெயர் என்று நினைத்து டார் அங்கே போகப் பார்க்கும். இது உள்ளூர்க் கோப்பு என்று சொல்ல டாரில் தனி விருப்பம் உண்டு.

———

நான் சொல்ல வந்தது இணைப்பு அறுந்துபோவதைப் பற்றி. லினக்ஸில் டிரைவை எஸ்டி0 என்ற பெயரில் திறந்தால் மூடும்போது டேப் ரீவைண்ட் ஆகிவிடும், என்எஸ்டி0 என்ற பெயரில் திறந்தால் இருந்த இடத்திலேயே நிற்கும். தொலைவிலிருந்து வேலை செய்கிறவர் எப்போதும் இரண்டாவதையே பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதும் நடுவில் இணைப்பு போனால், மறுமுனை நிரல் முடியும்போது டிரைவை இயக்கும் டிரைவர் மென்பொருள், கோப்பு முடிந்தது என்று காட்டும் ஒரு கோப்புக்குறியை இட்டு மூடிவிடும். ஆவணம் அரைகுறைதான். ஆனால் முன்பு எழுதியவை பத்திரமாக இருக்கும். ரீவைண்ட் ஆகியிருந்தால், அடுத்து ஓடும் தானியங்கிப் பேக்கப் முதல் கோப்பின் மேலேயே எழுதும். டிரைவின் நிலையைக் காட்டும் எம்டி ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்து எந்தக் கோப்பு எண்ணில் நிற்கிறது என்று பார்க்காமல் நான் எதையும் எழுதவிடுவதில்லை.

கோப்புகளைத் தாண்டி முன்னே ஓட்டும்போது டேப் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் இணைப்பில் ஒரு பைட்கூட நகராது, இடையில் உள்ள ஃபயர்வால் சும்மா இருக்கும் இணைப்பு என்று துண்டித்துவிடும். எஸ்எஸ்எச்சின் உயிர்த்துடிப்புச் செய்தியை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் போதும். நீண்ட வேலையை, இணைப்பு போனாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் நிரலின் உள்ளே ஓட்டுவது அதைவிட நல்லது.

மீட்டெடுக்கும் வேலை என்றால், கார்ட்ரிட்ஜைப் போடுகிறவரிடம் எழுதுவதைத் தடுக்கும் சின்ன நகர்த்தியைப் பூட்டிய பக்கம் தள்ளிவிட்டுப் போடச் சொல்லுங்கள். தவறான கட்டளை போனாலும் டிரைவ் எழுத மறுத்துவிடும். கார்ட்ரிட்ஜைத் தானே மாற்றும் ஆட்டோலோடர் இருந்தால் அந்த மாற்றத்தையும் எம்டிஎக்ஸ் கட்டளை மூலம் இருந்த இடத்திலிருந்தே செய்யலாம். ஆனால் அதிலுள்ள கார்ட்ரிட்ஜ்களின் தடையை முன்கூட்டியே யாராவது நேரில் போய்ப் போட்டிருக்க வேண்டும்.