சரிவான மலையில் 500 அடியை எங்கிருந்து அளப்பது? அமெரிக்க விமான விதி 91.119 பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி (தலவாக்கலை)

வணக்கம். உயர்தரம் முடித்துவிட்டேன், அடுத்த ஆண்டு அமெரிக்காவில் தனியார் விமானி உரிமப் பயிற்சியில் சேரவிருப்பதால், அந்நாட்டுக் கூட்டாட்சி விமான விதிகளை இப்போதே வாசித்து வருகிறேன். நெரிசலான குடியிருப்புக்கு மேலே பறந்தால், 2,000 அடி ஆரத்துக்குள் இருக்கும் மிக உயர்ந்த தடையைவிட 1,000 அடி மேலே இருக்க வேண்டும் என்றும், ஏனைய இடங்களில் நிலத்திலிருந்து 500 அடி போதும் என்றும் 91.119 சொல்கிறது. எங்கள் லயத்து வாசலில் நின்றால், எதிரே தேயிலைச் சரிவு கூரைக்கு மேலாக ஏறிக்கொண்டே போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் அந்த 500 அடியை எங்கிருந்து அளப்பது? மலைப்பகுதிக்கு 2,000 அடி என்றும் ஓரிடத்தில் வாசித்தேன். எது சரி?

பதில் (கொட்டகலை)

தம்பி, இரண்டும் சரி. நீங்கள் பார்த்த 2,000 அடி 91.177இல் வருவது, கருவிகளை நம்பிப் பறக்கும்போது, அந்தப் பாதைக்கென்று வேறு குறைந்தபட்ச உயரம் விதிக்கப்படாதிருந்தால், மலைப்பகுதியில் பாதையிலிருந்து 4 கடல் மைலுக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேலே அவ்வளவு இடைவெளி வேண்டும். ஆகவே எந்த விதியை எடுத்தாலும், அது யாருக்கு, எந்தப் பறப்புக்கு என்பதை முதலில் பாருங்கள்.

500 அடியை உங்களுக்கு நேர் கீழே உள்ள நிலத்திலிருந்து அளக்க வேண்டும்; சரிவை நோக்கிப் பறந்தால், உயரமானி மாறாமல் இருக்கும்போதே அந்த இடைவெளி குறைந்துகொண்டு வரும். ஆள் குறைந்த பகுதிகளில் மனிதர், வாகனம், கட்டடம் எதையும் 500 அடிக்குள் நெருங்கக் கூடாது என்பதே விதி. அங்கே பக்கவாட்டுத் தூரமும் கணக்கு: உங்கள் மட்டத்திலேயே சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்பவரையும் நினைத்துப் பாருங்கள்.

எல்லோரும் அவசரமாகத் தாண்டிவிடுவது முதல் உட்பிரிவைத்தான். இயந்திரம் நின்றுபோனால், கீழே இருப்பவர்களுக்கும் உடைமைகளுக்கும் வீண் ஆபத்து இல்லாமல் தரையிறங்கக்கூடிய உயரம் எப்போதும் வேண்டும் என்கிறது அது. பள்ளத்தாக்குக்குள் 500 அடியில் பறந்தால், இறங்க எந்த இடத்தைத் தேடுவீர்கள்? மலைநாட்டில் நான் அந்த வரியையே முதலில் வாசிக்கச் சொல்வேன்.

பதில் (நோட்டன் பிரிட்ஜ்)

1974 டிசம்பர் 4ஆம் திகதி மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் எங்கள் ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். விமானம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாக உறுதிசெய்யாமல் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதால் நேர்ந்தது அது. நீங்கள் நிற்கும் இடம் தவறென்றால், மனனம் செய்த அடிக்கணக்கு எதுவும் உதவாது. 91.103ஐயும் சேர்த்து வாசியுங்கள். புறப்படும் முன் அந்தப் பறப்புக்குக் கிடைக்கக்கூடிய எல்லாத் தகவலையும் அறிந்திருப்பது விமானியின் கடமை என்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. 91.119இன் முதல் உட்பிரிவை நானும் தாண்டித்தான் போயிருந்தேன். இன்று அதை மறுபடியும் வாசித்துவிட்டு, வாசலில் நின்று எதிர்ச் சரிவில் ஒரு சிறு விமானம் இறங்கக்கூடிய இடம் இருக்கிறதா என்று தேடினேன். மைதானம் ஒன்றைத் தவிர எதுவும் தென்படவில்லை, அங்கும் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.