புதுப்பிப்பு: தங்கச்சியின் சிசேரியனும் பாட்டும்

சிசேரியனுக்குப் பயந்து நித்திரையில்லாமல் இருந்த தங்கச்சிக்குப் பாட்டு உதவுமா என்று முல்லைத்தீவிலிருந்து கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. தாயும் பிள்ளையும் நல்ல சுகம்.

சரிவந்தது தாதி அக்கா ஒருவர் இங்கே சொன்ன வழிதான்: ஒரு காதில் மட்டும், குறைந்த சத்தத்தில். முதுகில் விறைப்பு ஊசி போட்டால் ஆள் விழிப்பாகவே இருப்பார். டொக்டர் கேட்பதற்குப் பதில் சொல்ல மற்றக் காது வேண்டும். அனுமதியை முன்பே வாங்கிவிட்டோம்.

நிமிடத்துக்கு 60 முதல் 80 தாளத் தட்டு உள்ள மெதுவான இசையையும் சிலர் சொன்னீர்கள். அவளோ வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் கேட்டுப் பழகிய நாதஸ்வரத்தைத்தான் கேட்டாள். அவரவர் விருப்பத்துக்கே விடுங்கள்.

எதிர்பாராதது, பாட்டு அதிகம் உதவியது ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே காத்திருந்தபோதுதான். உள்ளே வலி இல்லை, ஆனால் வயிறு இழுபடும் உணர்வு வந்ததும் பதறிவிட்டாள். அப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.