தாமிர அயனியுடன் டி.என்.ஏ. ஆய்வு: தாங்கல் கரைசல் பற்றி உதவி வேண்டும்

வணக்கம். டி.என்.ஏ.வின் உருகு வெப்பநிலையை (அதன் இரு இழைகளும் பிரியும் வெப்பநிலையை) உலோக அயனிகள் எவ்வாறு மாற்றுகின்றன என்பதை என் முதுநிலை ஆய்வுத் திட்டத்திற்காக அளந்து வருகிறேன். மக்னீசியம் பெரும்பாலும் டி.என்.ஏ. இழைகளிலுள்ள பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டத்தைத் தணித்து இரட்டைச் சுருளை உறுதியாக்குவதால் வெப்பநிலை உயர்கிறது; தாமிர அயனியோ அடினின், குவானின் போன்ற டி.என்.ஏ. காரங்களையே, குறிப்பாகக் குவானினின் ஏழாம் நைட்ரஜனை நாடி, ஹைட்ரஜன் பிணைப்புகளைக் குலைப்பதால், செறிவு கூடும்போது வெப்பநிலை இறங்குகிறது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்திலுள்ள பிளாட்டினமும் அதே நைட்ரஜனையே பற்றுகிறது என்பதுதான் என்னை இத்துறைக்கு இழுத்து வந்தது.

என் சிக்கல், பி.எச். அளவை (அமில-காரத் தன்மையை) மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலில் இருக்கிறது. டிரிஸ் என்ற தாங்கல் தாமிரத்தைத் தானே பிணைத்துக்கொள்கிறது, பாஸ்பேட் தாங்கலோ அதை வீழ்படிவாக்கிவிடுகிறது; அளவீடுகள் நாளுக்கு நாள் மாறுகின்றன. தாமிரத்தோடு பணியாற்றிய நண்பர்கள் எந்தத் தாங்கலை, எந்த பி.எச். அளவில் பயன்படுத்தினீர்கள் என்றும், டி.என்.ஏ. மாதிரியில் தங்கிவிட்ட, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை எவ்வாறு நீக்கினீர்கள் என்றும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.