'டாக்டர் மபூசே': துப்பறியும் படம் என்று சொல்லலாமா?

கருப்புவெள்ளை: நீலாம்பரி, ஜெர்மன் இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங்கின் 1922 மௌனப் படமான இதைத் துப்பறியும் பட வரிசையில் முதலிடத்தில் வைக்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. முதல் காட்சியிலேயே குற்றவாளி மபூசே தன் மாறுவேடப் படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து ஒன்றை உருவுகிறான். ஆள் யார் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அப்புறம் நாலரை மணி நேரம் எதைத் துப்பறிவது?

நீலாம்பரி: குற்றவாளியைக் கடைசி ரீலில்தான் காட்ட வேண்டுமா? மாக்ஸ் மாக் 1913-இல் எடுத்த 'கொலெத்தி எங்கே?' பாருங்கள். துப்பறிவாளரே 48 மணி நேரம் பெர்லினுக்குள் ஒளிந்து திரிகிறார், பிடிப்பவருக்கு ஒரு லட்சம் மார்க் (ஜெர்மன் பணம்) பரிசு. ஊரே தேடுகிறது, நமக்கோ ஆள் எங்கே என்று தெரியும். வேடிக்கையே அதுதானே! லாங்கும் அந்தப் பட்டறையில் வளர்ந்தவர்தான். 1917-இல் ஜோ மேயின் 'ஜோ டீப்ஸ்' துப்பறியும் தொடருக்குக் கதை எழுதியிருக்கிறார்.

கருப்புவெள்ளை: சரி, இதில் துப்பறிவது யார்? அரசு வழக்கறிஞர் வெங்க். வேடம் போட்டுக்கொண்டு சூதாட்ட விடுதிகளில் சுற்றுகிறார். இரண்டாம் பாகத்தில் மபூசேயின் வசியத்தில் சிக்கி, காரைக் கல்குவாரிக்கு விரட்டுகிறார். அவருடைய ஆட்கள் மட்டும் வராவிட்டால் அதோகதிதான்.

நீலாம்பரி: சீட்டு மேசைக் காட்சியைச் சௌகரியமாக விட்டுவிட்டீர்கள். எதிரே கிழவன் வேடத்தில் மபூசே. சுற்றிலும் இருட்டு அப்பிக்கொள்ள, அவன் முகம் மட்டும் வெளிச்சத்தில் பெரிதாகிக்கொண்டே வருகிறது. வசியச் சொற்கள் எழுத்தாக மேசைமேல் மின்னுகின்றன. அங்கே வெங்க் மசியவில்லை. எதிரி எப்பேர்ப்பட்டவன் என்று அவருக்கு உறைப்பதும் அங்கேதான். ஒரு சத்தம் இல்லாமல் இதைக் காட்டியிருக்கிறார் லாங்.

தகரக்கொட்டகை: இரண்டு பேரும் பங்குச்சந்தையைத் தொடவே இல்லையே? மபூசேயின் ஆள் திருடி, ஓடும் ரயிலிலிருந்து எறிந்த வணிக ஒப்பந்தப் பை, பாலத்துக்கடியில் போகும் காரில் கச்சிதமாக விழுகிறது. திருட்டுச் செய்தி பரவிப் பங்கு விலை சரிந்ததும் மபூசே வாங்கிக் குவிக்கிறான், ஒப்பந்தம் கிடைத்துவிட்டது என்றதும் விற்றுத் தள்ளுகிறான். மார்க்கின் மதிப்பு கரைந்துகொண்டிருந்த வருஷம் அது. பெர்லின்காரர்களுக்கு யார் கொன்றான் என்பதைவிட, பணம் எங்கே போகிறது என்பதுதான் பெரிய மர்மமாக இருந்திருக்கும்.

கருப்புவெள்ளை: அப்படியானால் குற்றப்படம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். முடிவைப் பாருங்கள். சாக்கடை வழியாகத் தப்பி, தன் கள்ளநோட்டு அறையிலேயே மாட்டிக்கொண்டு பைத்தியமாகிறான். போலீஸ் நுழையும்போது எல்லாம் முடிந்திருக்கிறது.

நீலாம்பரி: சாக்கடையில் இறங்கும் அளவுக்கு அவனை விரட்டியது யார், அண்ணா?